படச்சீட்டுகளைப் பாதுகாக்கும் முறை

சிறுவரும் பெரியவரும் ஆவலுடன் சேகரித்துத் தமக்குள் மாற்றிக்கொள்ளும் சிறு பட அட்டைகள் உலகின் பல நாடுகளில் நூறாண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகின்றன. ஒரு புறத்தில் வர்ணப் படமும் மறு புறத்தில் சில வரிச் செய்தியும் கொண்ட இவ்வட்டைகளைப் படச்சீட்டுகள் எனலாம். கோடிக்கணக்கில் அச்சிடப்பட்ட இவற்றில் நல்ல நிலையில் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தவை உண்டு. ஆனால், பாதுகாக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட காரியங்களாலேயே கெட்டுப்போனவையும் ஏராளம். காகிதம் எவ்வாறு கெடுகிறது, அதைச் சுற்றி வைக்கும் பொருள்கள் அதற்கு என்ன செய்கின்றன என்பவற்றை அறிந்துகொண்டால், அதிகச் செலவின்றியே ஒரு சேகரிப்பை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்ல முடியும்.

படச்சீட்டின் வரலாறு

படச்சீட்டு, மற்றொரு பொருளைப் பாதுகாக்கும் சாதனமாகவே பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பொட்டலங்களில் விற்கப்பட்டன. அவை நசுங்காமல் இருப்பதற்காகப் பொட்டலத்தினுள் ஒரு கெட்டி அட்டை வைக்கப்பட்டது. அந்த அட்டையில் படம் அச்சிட்டால் விளம்பரத்துக்கும் உதவும் என்பதை வியாபாரிகள் கண்டனர். அமெரிக்காவில் ரிச்மண்டு நகரத்து ஆலன் அண்டு ஜின்டர் கம்பெனி 1880-களில் நடிகைகள், விளையாட்டு வீரர்கள், பறவைகள், கொடிகள் முதலிய வரிசைகளை வெளியிட்டது. இங்கிலாந்தில் வில்ஸ், பிளேயர்ஸ் முதலிய கம்பெனிகள் இவ்வழக்கத்தைப் பின்பற்றின. இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஏற்பட்ட காகிதக் கட்டுப்பாட்டால் 1940-இல் பிரிட்டனில் இது நின்றது.

அமெரிக்காவில் சிகரெட்டின் இடத்தைப் பின்னர் சூயிங்கம் பிடித்துக்கொண்டது. டாப்ஸ் கம்பெனி 1952-இல் வெளியிட்ட பேஸ்பால் வரிசை மிகவும் புகழ்பெற்றது. 1993-இல் அமெரிக்காவிலும் 1996-இல் ஜப்பானிலும் விளையாட்டுக்கே உரிய படச்சீட்டு வகைகள் தோன்றி உலகெங்கும் பரவின. இந்தியாவில் 1980-களிலும் 1990-களிலும் பபிள்கம் பொட்டலங்களுடன் வந்த கிரிக்கெட் வீரர் படங்களைச் சேர்த்தவர்கள் இன்று நடுத்தர வயதினர்.

இவற்றின் விலை சில வேளைகளில் வியப்பூட்டும். 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி வெளியிட்ட வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் சீட்டும் ஒன்று. அது அச்சில் வந்த சிறிது காலத்திலேயே நிறுத்தப்பட்டது. புகையிலைப் பொட்டலத்தோடு தம் படம் சிறுவர் கையில் சேருவதை அவர் விரும்பாததே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. எஞ்சியுள்ள சில பத்துச் சீட்டுகளில் ஒன்று 2022-இல் எழுபத்திரண்டரை லட்சம் டாலருக்கு விற்பனையாயிற்று. அதே ஆண்டில் 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் வரிசையைச் சேர்ந்த மிக்கி மேண்டில் சீட்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதே சீட்டின் பிற பிரதிகள் பல நூறு இருக்கின்றன. எனினும் அவை இதில் ஒரு சிறு பகுதி விலையையே பெறுகின்றன. மூலைகள் மழுங்காமலும் நிறம் மங்காமலும் அது எழுபது ஆண்டுகள் இருந்தமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

விலையைவிட முக்கியமான பயன் மற்றொன்று உண்டு. சிராக்யூஸ் நகரில் மின்சாரத் தொழிலாளியாக இருந்த ஜெபர்ஸன் பர்டிக் என்பவர் மூட்டுவாதத்தால் வருந்திய நிலையிலும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளையும் அச்சுத் துணுக்குகளையும் சேகரித்து, 1947 முதல் நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிடன் கலைக் காட்சிசாலைக்கு வழங்கினார். அவற்றை ஆல்பங்களில் வகைப்படுத்தி அமைக்கும் வேலையை 1963 ஜனவரியில் முடித்தார். அவ்வாண்டிலேயே காலமானார். அன்றாட வாழ்க்கையின் உடை, வாகனம், விளையாட்டு, விளம்பரம் ஆகியவற்றைப் பற்றிப் பெரிய நூல்கள் பதிவு செய்யாத செய்திகளை இச்சேகரிப்பு காட்டுகிறது. எறிந்துவிடுவதற்காகவே அச்சிட்ட பொருளானதால், எவராவது காப்பாற்றினாலன்றி இத்தகைய சான்று அடியோடு மறைந்துவிடும்.

காகிதத்தின் இயல்பு

படச்சீட்டு பார்வைக்கு ஒரே அட்டையாகத் தோன்றினாலும், பல அடுக்குகளால் ஆனது. நடுவில் காகிதக் கூழால் ஆன அட்டை. அதன்மேல் வழவழப்பான வெள்ளைப் பூச்சு. அதன்மேல் அச்சு மை. எல்லாவற்றுக்கும் மேல் மெருகு அல்லது உலோகத் தகடு. இவ்வடுக்குகள் ஈரத்துக்கும் உஷ்ணத்துக்கும் ஒரே விதமாக இடங்கொடுப்பதில்லை.

காகிதத்தின் வலிமைக்கு ஆதாரம் செல்லுலோஸ் என்னும் பொருள். இதன் அணுத்திரள்கள் நீண்ட சங்கிலிகளைப் போன்றவை. அமிலம் இச்சங்கிலிகளை ஆங்காங்கே அறுத்துவிடுகிறது. சங்கிலி குறுகக் குறுகக் காகிதம் மடக்கினால் ஒடியும் நிலையை அடைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மை ஊறிப் பரவாதிருப்பதற்காகக் காகிதக் கூழில் பைன் மரப் பிசினையும் அலுமினியம் சல்பேட்டையும் சேர்க்கத் தொடங்கினர். பின்னது ஈரத்துடன் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். மரத்தை அப்படியே அரைத்துச் செய்த மலிவான கூழில் லிக்னின் என்ற பொருளும் தங்கிவிடுகிறது. ஒளியும் பிராணவாயுவும் படும்போது லிக்னின் பழுப்பு நிறமடைந்து அமிலத்தையும் தோற்றுவிக்கிறது. பழைய படச்சீட்டுகளில் பெரும்பாலானவை இத்தகைய மலிவான அட்டையில் அச்சிடப்பட்டவை. எனவே, அவற்றை அழிக்கும் சத்துரு அவற்றினுள்ளேயே இருக்கிறது.

இதை வகுப்பில் எளிதாக விளக்கலாம். செய்தித்தாளின் ஒரு துண்டை எடுத்து, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒரு வாரம் வைத்தால், மூடாத பாதி மஞ்சளாகியிருக்கும். நல்ல எழுதுதாளின் ஒரு துண்டையும் உடன் வைத்தால், இரண்டுக்கும் உள்ள வேற்றுமை தெளிவாகும்.

நம் நாட்டின் பழைய விளையாட்டுச் சீட்டான கஞ்சிபாவை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒடிசாவில் ரகுராஜ்பூர் சித்திரக்காரர்கள் துணிகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புக்கல் தூளைப் பூசி, மெருகேற்றி, வட்டமாக வெட்டி வர்ணம் தீட்டுவர். வங்காளத்தில் பிஷ்ணுபூரின் தசாவதாரச் சீட்டுக் கட்டில் 120 சீட்டுகள் உண்டு. சுண்ணாம்புக்கல் தூள் இரசாயன முறையில் கால்சியம் கார்பனேட்டு ஆகும். அது அமிலத்தை நடுநிலைப்படுத்த வல்லது. இன்று நெடுநாள் நிலைக்கும் காகிதம் செய்வோர் கூழில் சேர்ப்பதும் இதே பொருள்தான். ஆயினும், புளியங்கொட்டைப் பசை பூச்சிகளுக்கு உணவாதலால் கஞ்சிபாவுக்கும் காவல் தேவைப்படுகிறது.

ஈரமும் உஷ்ணமும்

காகிதத்தைக் கெடுக்கும் இரசாயன மாறுதல்கள் உஷ்ணம் மிகுந்தால் விரைவடையும். அறையின் உஷ்ணநிலை 5 டிகிரி சென்டிகிரேடு குறைந்தால் காகிதத்தின் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது காட்சிசாலை வல்லுநர்கள் கையாளும் பொது அளவு. ஆகவே ஓட்டுக்கூரையின் அடியிலுள்ள பரணும் மேற்கு வெயில் தாக்கும் சுவரை ஒட்டிய அலமாரியும் படச்சீட்டுகளுக்கு ஏற்ற இடங்கள் அல்ல. வீட்டின் நடுவேயுள்ள, வெயில் நேரே தாக்காத அறையே சிறந்தது.

ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சக்காளான் வளரத் தொடங்கும். மேற்குக் கடற்கரையிலும் வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் மழைக்காலத்தில் இந்த அளவு வாரக்கணக்கில் தாண்டப்படுகிறது. காளான் முதலில் பழுப்புப் புள்ளிகளாகத் தோன்றி, பின்னர் அட்டையின் நாரையே தின்றுவிடும். ஈரப்பதம் 35-க்கும் 55-க்கும் இடையில், அதிக ஏற்றத்தாழ்வின்றி இருப்பது நலம். குளிர்சாதன இயந்திரத்தைப் பகலில் இயக்கி இரவில் நிறுத்துவது இவ்விஷயத்தில் தீமையே செய்யும். அறை குளிர்ந்தும் வெம்மையுற்றும் மாறுவதால் அட்டை நாள்தோறும் விரிந்து சுருங்குகிறது.

உலோகத் தகடு பதித்து மின்னும் சீட்டுகள் வில்போல் வளைவதைப் பலர் கண்டிருப்பர். இதன் காரணம் பௌதிகப் பாடத்தில் வரும் இரட்டை உலோகப் பட்டையின் தத்துவத்தை ஒத்தது. இரும்பும் பித்தளையும் சேர்ந்த பட்டை சூட்டினால் வளைவதற்கு, இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதே காரணம். சீட்டிலோ, காகிதம் ஈரத்தை ஏற்று விரிகிறது, தகடு ஏற்பதில்லை. மழைக்காலத்தில் காகிதம் நீளுவதால் சீட்டு தகடுள்ள பக்கமாக வளையும். வறண்ட காலத்தில் காகிதம் சுருங்குவதால் எதிர்ப்பக்கமாக வளையும். இத்தகைய சீட்டை வலிந்து நிமிர்த்தினால் மேற்பூச்சு வெடிக்கும். ஈரப்பதம் சீரான பெட்டியில் இலேசான பாரத்தின் கீழ்ச் சில வாரம் வைத்தால் பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும்.

ஒளி

சுவரில் ஒட்டிய பழைய விளம்பரத்தாள் வெயிலில் சில மாதம் இருந்தபின் நீல நிறமாக மாறிவிடுவதைத் தெருவில் காணலாம். வர்ண அச்சில் மஞ்சள், செங்கருநீலம், நீலம், கறுப்பு ஆகிய நான்கு மைகள் கலந்து எல்லா நிறங்களையும் தருகின்றன. இவற்றில் மஞ்சளும் செங்கருநீலமும் பொதுவாக ஒளியில் விரைவில் அழிகின்றன. நீலமும் கறுப்பும் எஞ்சி நிற்கின்றன. மங்கிய நிறத்தை எந்த இரசாயனத்தாலும் மீண்டும் வருவிக்க இயலாது. ஒளி செய்யும் தீங்கு சிறிது சிறிதாகச் சேர்ந்து கூடுமேயன்றிக் குறைவதில்லை.

காட்சிசாலைகளில் காகிதப் பொருள்களின் மேல் விழும் ஒளியை 50 லக்ஸ் அளவுக்குக் கட்டுப்படுத்துவர். நண்பகல் வெயில் 1 லட்சம் லக்ஸ் அளவை எட்டக்கூடும். கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கிரணங்கள் மிகவும் கொடியவை. சாதாரணக் கண்ணாடி அவற்றில் ஒரு பகுதியையே தடுக்கும். எனவே, சுவரில் சட்டமிட்டு மாட்ட விரும்பினால், சீட்டின் நிழற்படப் பிரதியை மாட்டி, மூலத்தை இருளில் வைப்பதே உசிதம்.

பூச்சிகள்

கரப்பான், இராமபாணப் பூச்சி, கறையான் ஆகியவை காகிதத்தின் பழைய எதிரிகள். இராமபாணப் பூச்சி அட்டையின் மேற்பூச்சிலும் பசையிலும் உள்ள மாப்பொருளை அரித்துத் தின்னும். இவை இருளையும் ஈரத்தையும் தூசியையும் நாடுபவை. சுத்தமும் காற்றோட்டமுமே முதல் மருந்து. பெட்டிகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலும் வெளிச் சுவரிலிருந்து விலக்கியும் வைத்தால் கறையானின் பாதை கண்ணுக்குத் தெரியும்.

பாச்சை உருண்டையைப் பெட்டியினுள் இடும் வழக்கம் பரவலாக உள்ளது. அதன் ஆவி பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்குப் பெட்டிகளை இளக்கிவிடும். மூடிய அறையில் சுவாசிப்போருக்கும் நல்லதன்று. பூச்சி தாக்கிய சீட்டுகளைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் இட்டு, உறைகுளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் மடியும். வெளியே எடுத்தபின் பை அறையின் உஷ்ணநிலைக்கு வரும்வரை அதைத் திறக்கலாகாது. திறந்தால் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சீட்டின்மேல் நீர்த்துளியாகப் படியும்.

பாதுகாப்பே பகையாதல்

இதுவரை கூறிய பகைகளை அனைவரும் எளிதில் உணர்வர். பாதுகாப்பு என்ற பெயரில் வருபவற்றை உணர்வது கடினம்.

ரப்பர் வளையம் முதலாவது. கட்டின் ஓரச் சீட்டுகளை அது வெட்டிப் பள்ளமாக்கும். நாளடைவில் இளகி ஒட்டி, அதிலுள்ள கந்தகத்தால் கறையும் உண்டாக்கும். இரண்டாவது, ஒட்டு நாடா. அதன் பசை காகிதத்தினுள் ஊறி மஞ்சளாகும். நாடா உதிர்ந்தபின்னும் கறை நிற்கும். மூன்றாவது, பசை ஆல்பம். 1930-களில் பிரிட்டிஷ் சிகரெட்டுக் கம்பெனிகள், பின்புறத்தில் பசை தடவிய சீட்டுகளையும் அவற்றை ஒட்டுவதற்கு ஒரு பென்னி விலையுள்ள ஆல்பங்களையும் வெளியிட்டன. சிறுவர்கள் கவனத்துடன் ஒட்டிய அந்தச் சீட்டுகளின் பின்புறச் செய்தியைப் பின்னர் எவரும் படிக்க முடியாமற் போயிற்று. ஒட்டாமல் வைத்தவையோ ஈரக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பர்டிக்கின் பெருஞ்சேகரிப்பும் ஆல்பங்களில் ஒட்டப்பட்டதே.

நான்காவது, மலிவான பிளாஸ்டிக்கு உறை. கடைகளில் கிடைக்கும் மிருதுவான உறைகளில் பல பி.வி.சி. என்ற பொருளால் ஆனவை. இயல்பில் விறைப்பான இப்பொருளை வளையச் செய்வதற்காக எண்ணெய் போன்ற இளக்கிகளைச் சேர்க்கின்றனர். இந்த எண்ணெய் சில ஆண்டுகளில் வெளியே கசிந்து, சீட்டின் மையை இளக்கி உறையோடு ஒட்டச் செய்கிறது. பி.வி.சி. சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளிப்படும். புதிதில் வரும் காரமான பிளாஸ்டிக்கு நெடியும் பின்னர் ஏற்படும் பிசுபிசுப்பும் இதன் அடையாளங்கள்.

ஐந்தாவது, கடைகளில் சூடேற்றிச் செய்யும் லாமினேஷன். அடையாளச் சீட்டுகளுக்கு ஏற்ற இம்முறை சேகரிப்புக்கு முற்றிலும் ஏற்றதன்று. சூட்டில் உருகிய பசை காகிதத்தின் நார்களுக்குள் புகுந்துவிடுகிறது. அதைச் சீட்டுக்குச் சேதமின்றிப் பிரிக்க இயலாது. அமிலம் கொண்ட அட்டை அந்தச் சிறைக்குள்ளேயே பழுப்படைகிறது.

இவ்விடத்தில் நம் நாட்டு ஆராய்ச்சி ஒன்று கவனிக்கத்தக்கது. புதுடில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1950-களில், நொறுங்கும் நிலையிலிருந்த ஆவணங்களுக்கு வலுவூட்ட, சூடும் யந்திரமும் இன்றிக் கையாலேயே செய்யத்தக்க ஒரு முறை வகுக்கப்பட்டது. ஆவணத்தின் இருபுறமும் செல்லுலோஸ் அஸிடேட் ஏட்டையும் மெல்லிய தாளையும் வைத்து, அஸிடோன் திரவத்தால் இளக்கி ஒட்டுவர். இதில் அமைந்த சிறப்பு, தேவைப்பட்டால் அதே அஸிடோனால் மீண்டும் பிரித்துவிடலாம் என்பதாகும். செல்லுலோஸ் அஸிடேட்டும் நாளடைவில் சிதைந்து அமிலம் தருவதால் அம்முறையிலும் பிற்காலத்தார் எச்சரிக்கை கொண்டனர். அந்த எச்சரிக்கையைச் செயல்படுத்த இடமிருந்ததே அதன் நற்பயன். பின்னால் வருபவர் மாற்றிக்கொள்ள முடியாத எதையும் செய்யலாகாது என்பது பாதுகாப்புக் கலையின் முதல் விதி.

உறையைச் சோதித்தல்

பாலிபுரோப்பிலீன், பாலிதீன், பாலியெஸ்டர் ஆகிய மூன்றும் எண்ணெய் கசியாத பாதுகாப்பான பிளாஸ்டிக்கு வகைகள். உறையின்மேல் பெயர் இல்லாவிடில், பள்ளிச் சோதனைச்சாலையில் இரண்டு சோதனைகளால் இவற்றைப் பி.வி.சி.யினின்றும் பிரித்தறியலாம்.

முதற் சோதனை மிதப்பைப் பற்றியது. உறையிலிருந்து நகத்தளவு துண்டை வெட்டி, ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்த நீரில் அமிழ்த்திவிடவும். பாலிபுரோப்பிலீனும் பாலிதீனும் நீரைவிட இலேசானவையாதலால் மேலே வரும். பி.வி.சி.யும் பாலியெஸ்டரும் அடியில் தங்கும். சோப்பு சேர்க்காவிட்டால் நீர்ப்பரப்பின் இழுவிசையால் கனமான துண்டும் மிதந்து ஏமாற்றக்கூடும்.

அமிழ்ந்த துண்டுக்கு இரண்டாவது சோதனை தேவை. ஒரு செம்புக் கம்பியைத் தீச்சுடரில் பச்சை நிறம் மறையும்வரை காய்ச்சி, சூட்டோடு அத்துண்டைத் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டவும். சுடர் பளிச்சென்று பச்சையானால் குளோரின் உண்டு. எனவே, அது பி.வி.சி. என்று கொள்ளலாம். இச்சோதனையை ஆசிரியரே, காற்றோட்டமான இடத்தில், மிகச் சிறு துண்டைக் கொண்டு செய்தல் வேண்டும். புகையை முகரலாகாது.

வைக்கும் முறை

சீட்டைத் தொடுமுன் கையைக் கழுவி நன்கு உலர்த்துக. ஓரங்களை மட்டும் பிடித்து எடுக்கவும். விரலின் எண்ணெயும் வியர்வையும் உடனே தெரியாவிட்டாலும் பின்னர்க் கறையாகத் தோன்றும்.

ஒவ்வொரு சீட்டையும் மெல்லிய பாலிபுரோப்பிலீன் உறையில் தனித்தனியே இடுக. அரியவற்றை அவ்வுறையுடன் கெட்டியான இரண்டாவது உறையில் வைக்கலாம். உறை சீட்டைவிடச் சிறிது பெரிதாக இருக்கவேண்டும். இறுக்கமான உறையில் திணிக்கும்போதுதான் மூலைகள் மடிகின்றன.

உறையிட்ட சீட்டுகளைப் பெட்டியில் நிமிர்த்தி வரிசையாக நிறுத்துக. படுக்கையாக உயர அடுக்கினால் அடியிலுள்ளவை பாரத்தால் ஒட்டிக்கொள்ளும். இடைவெளி மிகுதியாக இருந்தால் சீட்டுகள் சாய்ந்து வளையும். அமிலமற்ற அட்டைப் பெட்டி கிடைத்தால் நன்று. கிடைக்காவிடில் பாலிபுரோப்பிலீன் பெட்டி போதும். சாதாரணப் பழுப்பு அட்டைப் பெட்டியும் புது மரப்பெட்டியும் அமில ஆவியை வெளிவிடுவன.

மழைக்காலத்தில் இறுக மூடும் சிறு பெட்டியினுள் சிலிக்கா ஜெல் குருணையைத் துணிப்பையில் இட்டு வைக்கலாம். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகை, கோபால்டு உப்பு சேர்ந்த நீல வகையைவிடச் சிறுவர் புழங்கும் இடத்துக்கு ஏற்றது. நிறம் மாறியபின் சுமார் 120 டிகிரி உஷ்ணத்தில் உலர்த்தினால் மீண்டும் பயன்படும். திறந்து மூடும் பெரிய அலமாரியில் இதனால் பயனில்லை. அது விரைவில் அறையின் ஈரத்தையே குடித்து நிறைந்துவிடும்.

மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்ப்பது அவசியம். காளானின் மணத்தையும் பூச்சியின் தடத்தையும் தொடக்கத்தில் கண்டுகொண்டால் ஒரு சீட்டோடு போகும். ஓராண்டு கழித்துக் கண்டால் பெட்டியே போய்விடும்.

நனைந்துவிட்டால்

வெள்ளத்திலோ ஒழுக்கிலோ நனைந்த சீட்டுகளை 48 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்காவிடில் காளான் பற்றும். வழவழப்பான பூச்சுள்ள சீட்டுகளை ஈரமாக இருக்கும்போதே ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துவிடவேண்டும். கட்டாக உலர்ந்தால் பூச்சுகள் ஒன்றாகி, பிரிக்கவே முடியாத கட்டியாகிவிடும். எளிதில் பிரியாதவற்றைச் சுத்தமான நீரில் இலேசாக நனைத்துப் பிரிக்கலாம். பிரித்தவற்றை மையொற்றும் தாளின்மேல் படம் மேல்நோக்கிப் பரப்பி, மின்விசிறிக் காற்றில், நிழலில் உலர்த்துக. வெயிலில் இடலாகாது, துணியால் தேய்க்கலாகாது. அளவுக்கு மிஞ்சிய எண்ணிக்கையானால், சிறு கட்டுகளாகப் பாலிதீனில் சுற்றி உறைகுளிர்ப் பெட்டியில் வைத்துவிட்டு, பின்னர்ச் சிலசிலவாக எடுத்துக் கவனிக்கலாம். உறைந்த நிலையில் காளான் வளராது.

திருத்த முயலுதல்

கறையை அழிக்கவும், மழுங்கிய ஓரத்தை வெட்டிச் சீராக்கவும் பலருக்கு ஆசை தோன்றும். இதன் விளைவுக்குப் புகழ்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. மேலே கூறிய வாக்னர் சீட்டுகளில் ஒன்றை 1991-இல் வேய்ன் கிரெட்ஸ்கி என்னும் ஐஸ் ஹாக்கி வீரரும் அவருடைய கூட்டாளியும் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கினர். அவ்வகையில் எஞ்சியவற்றுள் அதுவே மிகச் செம்மையானது எனப் பாராட்டப்பட்டது. அச்சீட்டை முன்னர் விற்றவர் அதன் ஓரங்களைத் தாம் வெட்டியதாக 2013-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நூறாண்டு தாங்கிய ஓரம் அங்கு இல்லை. கூர்மையான மூலைகள் மட்டுமே இருந்தன. மழுங்கிய மூலை ஒரு சீட்டின் வயதைச் சொல்லும் சான்று. வெட்டிய மூலை எதையும் சொல்வதில்லை. பழுதுபார்ப்பது தவிர்க்க முடியாதபோது, பயிற்சி பெற்ற வல்லுநரின் உதவியை நாடுவதே தக்கது. மத்திய அரசு 1976-இல் லக்னோவில் நிறுவிய பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான தேசிய ஆராய்ச்சிச்சாலை இத்துறையில் ஆராய்ச்சியும் பயிற்சியும் நடத்தி வந்துள்ளது.

பள்ளியில் செய்யத்தக்கவை

பல பள்ளிகளில் மாணவர்களிடம் படச்சீட்டு, தபால்தலை, தீப்பெட்டி வில்லை ஆகியவற்றின் சேகரிப்புகள் உள்ளன. ஆண்டு இறுதியில் இவற்றில் பெரும்பகுதி சிதறிப்போகின்றன. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பதிவேடு வைத்து, சீட்டின் பெயர், வெளியிட்டோர், ஆண்டு, கிடைத்த இடம், தற்போதைய நிலை ஆகியவற்றை எழுதச் செய்யலாம். எண்ணை உறையின்மேல் ஒட்டும் தாளில் எழுதுக. சீட்டின்மேல் எதுவும் எழுதலாகாது. இரு புறங்களையும் புகைப்படம் எடுத்து வைத்தால், மூலத்தை அடிக்கடி கையாள வேண்டியிராது. மிதப்பு, அமிலம், ஒளியின் செயல், விரிவும் சுருக்கமும் ஆகிய பாடங்களுக்கு இச்சேகரிப்பே சோதனைப் பொருளாகும்.

கிராமங்களில் பட அட்டைகளைக் காட்டிச் சுகாதாரமும் வேளாண்மையும் போதிக்கும் ஊழியர்களுக்கும் இவ்விதிகள் பொருந்தும். ஜீப்பின் பின்னிருக்கையில் வெயிலிலும் தூசியிலும் கிடக்கும் அட்டைக் கட்டு ஓரிரு ஆண்டுகளில் பயனற்றதாகிவிடும். ரப்பர் வளையத்தை நீக்கி, தக்க உறையிலிட்டு, நிழலில் நிமிர்த்தி வைத்தால் அதே கட்டு பல ஆண்டுகள் உழைக்கும்.

சுருங்கக் கூறின், குளிர்ச்சி, வறட்சி, இருள், தூய்மை ஆகிய நான்கும் காகிதத்தின் நண்பர்கள். பசை, பி.வி.சி., சூடு, கத்தரி ஆகிய நான்கும் அதன் நண்பர்களைப்போல் வரும் பகைவர்கள். சீட்டின் அருகே எதையேனும் கொண்டுசெல்லுமுன், அதைப் பின்னர்ச் சேதமின்றி நீக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாது என்பது விடையானால், அப்பொருளை விலக்கிவிடுவதே அச்சீட்டுக்குச் செய்யும் பாதுகாப்பு.